டாக்டரிடம் சொல்லாத லேகியம்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு நாள் காஞ்சிபுரத்தில் எங்கள் சாயப்பட்டறைக்கு வந்து, 'பட்டுச் சேலையைச் சாயம் போகாமல் துவைப்பது எப்படி என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள்' என்றார். எழுதினேன். நாலு வரி நாற்பது வரி ஆயிற்று. நாற்பது வரி வாரம் ஒரு பக்கம் ஆயிற்று. 'இதையெல்லாம் எழுத நீ யார்?' என்று யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு வாரமும் எதிர்பார்க்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனாலேயே பயம் போகவில்லை.

இந்த வாரம் கூடுதலாக இன்னொரு மன்னிப்பும் வேண்டும். எழுதப்போகும் சமாசாரம் சாப்பிட்டுக்கொண்டே படிக்கத் தக்கது அல்ல. பெண்கள் படிக்கத் தக்கதும் அல்ல என்று நினைத்து, எழுதலாமா வேண்டாமா என்று என் மனைவி ராஜத்திடம் கேட்டேன்.

"எய்துங்க. பொம்பளைங்கதான் படிக்கணும். ஆம்பளைங்க எங்க வாயத் தொறந்து சொல்றீங்க?" என்றாள்.

நடுவில் மூன்று வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. 'கட்டுரையாளருக்கு உடல்நலக் குறைவு' என்று ஆசிரியர் கட்டம் கட்டிப் போட்டிருந்தார். உடம்பில் எந்த இடம் என்று போடவில்லை. அவர் நல்லவர்.

எந்த இடம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இந்த மாதிரி வியாதிக்கென்றே இருக்கிற டாக்டர் என் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் குடுத்த மாத்திரை தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார்."

பொய். அன்று காலை ரயில் ஏறுவதற்கு முன்னால்தான் ஒரு நெல்லிக்காய் அளவு லேகியம் சாப்பிட்டிருந்தேன். பல்லில் கூட ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்குப் பின்னால் போக வேண்டும்.

தை மாதம் எங்களுக்கு முகூர்த்த வேலை. முகூர்த்தம் என்றால் அரக்குச் சிவப்பு. ஊரில் பாதித் தறி அரக்குதான் கேட்கும். கொதிக்கிற அண்டாவில் நூலைத் தோய்த்து, கழியில் மாட்டி, திருப்பித் திருப்பிப் போட்டு, முழங்கை வரை சிவந்து போய் நிற்போம். வேர்வை சிவப்பு. துண்டு சிவப்பு. சாயக்காரன் மூக்கைச் சிந்தினால் பட்டறையில் அன்றைக்கு என்ன வண்ணம் ஓடுகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். நாங்கள் அப்படித்தான் வாழ்கிறோம். அதில் ஒரு ஆச்சரியமும் கிடையாது.

அந்த மாதம் எனக்கு ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போயிற்று.

அரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் அரக்கு முடிந்து கிளிப்பச்சை போட்டோம். மூக்கு பச்சை, துண்டு பச்சை. ஒன்றுக்கு மட்டும் சிவப்பு. யோசித்தேன்... யோசிக்காமல் இல்லை. முப்பத்தைந்து வருஷச் சாயம் உடம்பில் ஊறியிருக்கிறது, பழசு இப்போதுதான் வெளியே வருகிறது போல என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நல்ல விளக்கமாகவும் தோன்றியது. அதற்குள் பட்டறையை விட்டு அரை மணிக்கு ஒரு தரம் வெளியே ஓட ஆரம்பித்திருந்தேன். இடுப்பு வலி வேறு. அண்டா தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் எப்படி இருக்கும்? அதற்கும் விளக்கம் இருந்தது.

எனக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. டாக்டரிடம் போகத்தான் மூன்று மாதம் ஆயிற்று.

"எத்தனை நாளா ரத்தம் போகுது?" என்று கேட்டார் டாக்டர்.

"தை மாசத்துலேருந்து சார்."

"மூணு மாசமாவா? ஏன் உடனே வரல?"

"நாங்க அரக்கு போட்டுக்கினு இருந்தோம் சார்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார்.

அப்புறம் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கச் சொன்னார். அந்தச் சோதனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சுவருக்கு வெளிர்நீலம் அடித்திருந்தார்கள். வண்ணம் ஒரே சீராக இல்லை.

ப்ராஸ்டேட் என்று ஒன்று இருக்கிறதாம். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. நீர்ப்பைக்குக் கீழே, நீர் வருகிற குழாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐம்பத்து நாலு வருஷம் அதுவும் நானும் ஒன்றாக இருந்திருக்கிறோம், அறிமுகம் இல்லை. அறிமுகம் ஆன அன்றைக்கே அதில் கேன்சர் என்றார்கள். சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். படம் எடுத்தார்கள். இடுப்பெலும்பு வரைக்கும் போயிருக்கிறது. அண்டா தூக்கியதால் வந்த வலி இல்லை.

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இதை முழுசாக வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் அடக்கி வைக்கலாம், சில பேருக்கு நல்லபடியாக வருஷக்கணக்கில் அடங்கியிருக்கும். இந்த வியாதிக்குத் தீனி ஆணுடம்பில் ஊறுகிற சுரப்பு. அந்தச் சுரப்பை நிறுத்தினால் வியாதி சுருங்கும். நிறுத்துவதற்கு இரண்டு வழி. ஒன்று, பெண்களுக்கு உள்ள சுரப்பை மாத்திரையாகச் சாப்பிடுவது. இன்னொன்று, சுரக்கிற இடத்தையே, அதாவது விதை இரண்டையும்...

"மாத்திரையே சாப்பிடறேன் சார்," என்றேன். டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் இன்னொருவர் பேச்சில் குறுக்கிட்டது அது ஒரு தரம்தான்.

மாத்திரை வெள்ளை நிறம். மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. ஆறு வாரத்தில் மார்பு வலித்தது. பிறகு வீங்கியது. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார், பயப்பட வேண்டாம் என்று. எனக்குப் பயம் இல்லை. வேறு பிரச்சினை. சாயப்பட்டறையில் அடுப்பு எரியும். அங்கே யாரும் மேலே துணி போட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. நான் பனியன் போட ஆரம்பித்தேன்.

பட்டறையில் என்னோடு கழியின் மறுமுனையைப் பிடிக்கிறவன் கன்னியப்பன். என்னை விடப் பத்து வயசு சின்னவன். வாய் மட்டும் பெரியது.

"இன்னாண்ணா, வைகாசி மாசத்துல பனியன் போட்டுக்கினு நிக்கிற? பொண்ணு பாக்க வராங்களா?"

"சளி புடிச்சிருக்குதுப்பா."

"இந்த அடுப்பாண்ட சளி எங்க நிக்கும்? அதுவே எறங்கி ஓடிப் போயிடும்ணா."

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அன்று அந்தப் பனியனைப் பிழிந்தால் அரைச் செம்பு வந்திருக்கும்.

எனக்கு வியாதி என்று ஊரில் எப்படியோ தெரிந்துவிட்டது. என்ன வியாதி என்று தெரியாமலே மருந்து சொல்ல வந்தார்கள். வாழைத்தண்டுச் சாறு. முள்ளங்கிச் சாறு. பார்லித் தண்ணீர். ஒருவர் பார்லித் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். தறி முதலாளி ஒருவர், நாற்பத்தெட்டு நாள் விடியற்காலையில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்தால் போதும் என்றார். சுற்றினேன். காலாற நடந்தது நன்றாகத்தான் இருந்தது. பிராகாரத்தில் ஒன்றுக்குப் போக இடம் இல்லாததால் வேகமாகச் சுற்றினேன்.

ஓரிக்கைப் பக்கம் ஒரு சித்த வைத்தியர் இருக்கிறார். ராஜம் என்னை அங்கே அழைத்துப் போனாள். எழுபது வயசுக்காரர். பாலாற்றங்கரையை ஒட்டி ஓட்டு வீடு. முன் அறை முழுக்க ஜாடிகள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"இங்கிலீசு மருந்து எதுனா சாப்பிடறியாப்பா?"

"இல்லீங்க."

ராஜம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜாடிகளைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டாள், "இன்னாத்துக்குப் பொய் சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னா மருந்து தர மாட்டாரு."

"அப்ப டாக்டராண்ட?"

"சொன்னா அவரும் தர மாட்டாரு."

"ரெண்டு பேராண்டயும் ஒரே பொய்தான். ஞாபகம் வெச்சிக்கினுப் பேசறதுக்குத் தோதா இருக்கும்," என்றாள்.

வைத்தியர் காலையில் லேகியம், மாலையில் நெருஞ்சில் போட்ட கஷாயம் கொடுத்தார். நடுவில் டாக்டர் மாத்திரை. இரண்டு மாதத்தில் இடுப்பு வலி குறைந்தது. சிவப்பு நின்றது. வெளியே ஓடுவதும் குறைந்தது.

"மாத்திரை நல்லா வேலை செய்யுது," என்றார் டாக்டர்.

"ஆமா சார்," என்றேன்.

"லேகியம் புடிச்சுக்கிச்சு பாத்தியா," என்றார் வைத்தியர்.

"ஆமாங்க," என்றேன்.

இரண்டு பேருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். ஒரு மனுஷனால் ஒரே உடம்பை வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் திருப்திப்படுத்த முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்தது. ஆடி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் கட்டைவிரலால் அழுத்தினார். குழி நின்றது. கேள்வி கேட்டார். நான் இல்லை என்றேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார்.

"அப்போ இது மாத்திரையாலதான். சில பேருக்கு இப்படி நீர் கோத்துக்கும். இருதயத்துக்கு நல்லது இல்ல. மாத்திரையை நிறுத்திடலாம். ஆபரேஷன் பண்ணிடலாம். சின்ன ஆபரேஷன்தான். அடுத்த வாரம் வந்து சேர்ந்துக்குங்க."

சின்ன ஆபரேஷன். யாருக்குச் சின்னது?

திரும்பி வரும்போதும் ரயில்தான். பஸ் சீக்கிரம் வரும், ஆனால் பஸ்ஸில் கக்கூஸ் இல்லை. செங்கல்பட்டில் மாறி, காஞ்சிபுரம் பாசஞ்சரில் உட்கார்ந்தேன். எதிரே வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை செய்கிறவர் ஒருவர். முன்பின் தெரியாது. வாலாஜாபாத் வருவதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்பு, மாத்திரை, லேகியம், கஷாயம், மார்பு, கால், ஆபரேஷன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

இதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். என்னிடமும் பார்த்தேன். கையில் பேனாவை வைத்துக்கொண்டு 'சொல்லுங்க' என்று கேட்கிறவரிடம் 'ஒண்ணும் இல்லீங்க' என்போம். கேட்காதவரிடம், ஒன்றும் செய்ய முடியாதவரிடம், ஒரு ஸ்டேஷன் விடாமல் சொல்லுவோம். மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். மரியாதைதானா அது?

மறுநாள் பட்டறைக்குப் போனேன். கன்னியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மாம்பழ மஞ்சள் நூல் முழுக்கத் திட்டுத் திட்டாக வந்திருந்தது.

"இன்னாப்பா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. புதுச் சாயப் பவுடர் வந்துச்சு, அதப் போட்டேன்."

"அது சரி. நூல வேக வைக்க எந்த சோப்பு?"

"அதுவும் தீந்து போச்சு. புதுசுதான்."

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தது.

"ஏம்ப்பா, பவுடரும் புதுசு, சோப்பும் புதுசுன்னா, எது கெடுத்துச்சுன்னு எப்படிக் கண்டுபுடிப்பே? ஒண்ண மாத்து, ஒரு பிடி நூல மட்டும் தோச்சுப் பாரு, அப்பால இன்னொண்ண மாத்து. எத்தினி தபா சொல்லியிருக்கிறேன்? முப்பத்தஞ்சு வருசமா இதத்தானே..."

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இன்னாண்ணா? திட்டு, ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணும் இல்லப்பா. அடுப்ப அணை. நான் ஓரிக்கை வரைக்கும் போயிட்டு வரேன்."

டாக்டரிடம் போகாமல் ஏன் முதலில் வைத்தியரிடம் போனேன்? ஓரிக்கை கிட்டத்தில் இருக்கிறது. மெட்ராஸ் தூரம். வேறு பெரிய காரணம் இல்லை. வழி முழுக்க வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

"ஐயா, நான் மாத்திரையும் சாப்பிடறேன்," என்றேன்.

"தெரியும்," என்றார்.

"எப்படிங்க?"

"மார்பு கனத்துப் போயி, வேக்காட்டுல பனியன் மேல சட்ட போட்டுக்கினு வர. இந்த வியாதிக்கு அந்த மாத்திரை சாப்பிட்டவன் உனக்கு முன்னாடியும் என்னாண்ட வந்திருக்கிறான். நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லல. சரி, வெக்கப்படற ஆளு, விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அது என் தப்பு. நான் இன்னொரு தபா கேட்டிருக்கணும்."

கோபித்துக்கொள்வார் என்று வந்தவனுக்கு இது சங்கடமாக இருந்தது. வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினேன். அவரும் கட்டைவிரலால் அழுத்தினார். இந்த விஷயத்தில் இரண்டு மருத்துவமும் ஒன்றுதான் போலிருக்கிறது.

"லேகியத்துல அதிமதுரம் தூக்கலா போட்டிருக்கிறேன்," என்றார். "அது சில உடம்புல நீரு கோக்க வெக்கும். உனக்கு அதனாலயா, அந்த மாத்திரையாலயா... எனக்குத் தெரியல. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். போட்டிருக்கிற சரக்கெல்லாம் எழுதித் தரேன், டாக்டராண்ட காட்டு."

"டாக்டர் கோவிச்சுக்குவாருங்க."

"கோவிச்சுக்கட்டுமே. கடிச்சா புடுவாரு?"

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பதினான்கு சரக்கு. கையெழுத்து அழகு.

டாக்டர் கோபித்துக்கொண்டார். அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

"அன்னைக்கு நேருக்கு நேரா கேட்டேனே, ஏன் சொல்லல?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சார்."

"இப்போ மட்டும்?"

"கோவிச்சுக்கினீங்க சார்."

நர்ஸ் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் காலண்டர் தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அதிமதுரத்தில் விரல் நின்றது. தாளை மடித்து என் கேஸ் கட்டுக்குள் வைத்தார்.

"இது நீர் கோக்க வைக்கும். உண்மைதான். எழுதிக் குடுத்தாரே, நல்ல மனுஷன். இப்போ கேளுங்க. பத்து நாள் ரெண்டையும் நிறுத்துங்க. வீக்கம் வடியட்டும். அப்புறம் மாத்திரை மட்டும் தொடங்குங்க. தினம் காலைல அழுத்திப் பாருங்க. வீங்கலன்னா லேகியம்தான் காரணம். மாத்திரையே போதும், ஆபரேஷன் வேணாம். வீங்கினா..."

இந்தத் தரம் குறுக்கிடவில்லை. அவரே முடிக்கவில்லை.

இரண்டையும் நிறுத்தினோம். எட்டாவது நாளே கால் பழைய கால் ஆகிவிட்டது. பதினோராம் நாள் மாத்திரை தொடங்கினேன். அழுத்திப் பார்க்கிற வேலையை ராஜம் எடுத்துக்கொண்டாள். 'நீங்க மெல்லமா அழுத்துவீங்க' என்று காரணம் சொன்னாள். உண்மைதான். நான் அப்படித்தான் அழுத்தியிருப்பேன்.

தினமும் காலையில் காபிக்கு முன்னால் இந்தச் சடங்கு. நான் நாற்காலியில். அவள் தரையில். விரலை வைத்து மனசுக்குள் பத்து எண்ணுவாள். எடுப்பாள். குனிந்து பார்ப்பாள்.

முதல் நாள். "ஒண்ணும் இல்ல."

இரண்டாம் நாள். "ஒண்ணும் இல்ல."

ஐந்தாம் நாள், "நல்லா இருக்குது," என்றாள். அன்றைக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

லேகியத்தின் மேல்தான் குற்றம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு நல்லது செய்ய நினைத்த ஒரு கிழவரின் மருந்து கெடுதல் செய்திருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் நல்ல புத்தி இல்லை. ஆனால் வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் ராஜம் விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். வேறொரு இடத்தில் அழுத்தினாள். மற்ற காலில் அழுத்தினாள்.

"இன்னா?" என்றேன்.

"வெளிச்சம் பத்தல," என்றாள்.

கதவு திறந்துதான் இருந்தது. வெயில் என் முட்டி வரைக்கும் விழுந்திருந்தது. மூன்று குழியும் எனக்கே நன்றாகத் தெரிந்தன.

டாக்டர் இந்தத் தரம் கோபித்துக்கொள்ளவில்லை. "மாத்திரைதான். லேகியமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். முன்ன விடக் கம்மியாதான் வீங்கியிருக்கு. ஆனா மாத்திரையைத் தொடர முடியாது," என்றார். பிறகு, "நீங்க சொல்லாமலே இருந்திருந்தாலும் இங்கேதான் வந்திருப்போம். ஆனா இப்போ ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு வந்திருக்கோம்," என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இருந்ததா? உடனே இல்லை. ரயிலில் பாதி வழி வந்தபிறகு கொஞ்சம் இருந்தது.

வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். தன் லேகியம் பெரிய குற்றவாளி இல்லை என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம். படவில்லை. "பண்ணிக்கினு வாப்பா. புண்ணு ஆறுறதுக்குப் பத்தியம் சொல்றேன். டாக்டராண்டயும் ஒரு வார்த்த கேட்டுக்க," என்றார்.

கன்னியப்பனிடமும் சொன்னேன். கழியின் மறுமுனையைப் பிடிக்கிறவனிடம் எத்தனை நாள் சளி என்று சொல்ல முடியும்? பனியன் விஷயம் முதற்கொண்டு சொன்னேன். கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். வெகு நேரம் நூலைத் திருப்பிக்கொண்டே இருந்தான். பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில், "அப்ப மாத்திர நின்னுடும் இல்லண்ணா? பனியனக் கழட்டிடலாமா?" என்றான்.

"மேல பெருசாவாது. இருக்கிறது இருக்கும்னு சொல்றாரு டாக்டரு."

"அப்ப இரு," என்றான். தன் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டான். பொத்தானையும் போட்டான். அன்று முழுக்க அடுப்பு முன்னால் அப்படியே நின்று வேலை செய்தான். சட்டை வீணாய்ப் போயிற்று.

ராஜத்திடம்தான் பேச முடியவில்லை. வியாதியைப் பற்றிப் பேசினோம். ரயில் நேரம் பேசினோம். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேசினோம். அந்த ஒன்றைப் பேசவில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம். இரண்டு பெண்கள், கட்டிக் கொடுத்தாயிற்று. இனிமேல் என்ன என்று கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவும் செய்தேன். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால், டாக்டர் முடிக்காத வாக்கியம்தான் காதில் கேட்டது.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மறுநாள் ஆபரேஷன். சாயங்காலம் நர்ஸ் அச்சடித்த ஒரு பாரம் கொண்டுவந்து நீட்டினார். நான் சம்மதித்ததாக ஒரு கையெழுத்து. மனைவிக்குத் தெரியும் என்று ஒரு கையெழுத்து. நான் போட்டேன். பேனா ராஜத்திடம் போயிற்று. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், மெதுவாக. முழுசும் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"ராஜம்," என்றேன். "இது ஆயிட்டா... நான் அப்பால..."

வார்த்தை வரவில்லை. வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவன்.

அவள் பாரத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தலைய எடுக்கிறாங்களா?"

"இல்ல."

"கைய எடுக்கிறாங்களா?"

"இல்ல."

"நாக்க?"

"இல்ல."

"அப்ப சும்மா இருங்க. படிக்கும்போது பேசினா வரி மாறிப் போவுது," என்றாள். மீதியைப் படித்து முடித்தாள். ராஜம்மாள் என்று கையெழுத்துப் போட்டாள். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, ஊதி, மையைக் காய வைத்தாள். அந்தப் பேனாவின் மை ஊதாமலே காயும் மை. ஆனாலும் ரொம்ப நேரம் ஊதினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் நாலு பேர் பார்க்க ஒருவர் கையை ஒருவர் தொடுகிறவர்கள் இல்லை. போர்வை நுனியை இழுத்து என் காலை மூடினாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். அழுத்திப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நான் வெளிய வர வரைக்கும் நீ பட்டினி கெடக்கக் கூடாது," என்றேன். "கேன்டீன்ல போயி ஒயுங்கா நாஷ்டா சாப்பிடணும்."

"எனக்கு எறங்காது."

"எறங்கணும். இன்னும் எத்தினியோ நாள் என் காலப் புடிச்சுப் பாக்கணும் நீ."

"பாக்கலாம்," என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்பது மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். ராஜம் நாலு இட்லி சாப்பிட்டிருந்தாள்.